எட்ட நின்று எடுத்த படம்

கரையோரப் பறவைகளில் பெரும்பாலானவை பார்ப்பவரைத் திணறடிக்கும். பழுப்பும் சாம்பலுமாக ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். அலகு சற்று நீளமா, காலில் பச்சை கலந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளான்களைப் பிரித்தறிய முடியும். நண்டுதின்னி இந்தக் கூட்டத்தில் சேராது. நீளம் காக்கையின் அளவுதான், ஏறக்குறைய 40 செ.மீ. ஆனால் நீலம் கலந்த சாம்பல் நிற நெடுங்கால்கள் அதைத் தூக்கி நிறுத்தியிருக்கும். உடல் தூய வெள்ளை. முதுகிலும் இறக்கையின் பறப்புச் சிறகுகளிலும் அடர்ந்த கருமை. அலகு முழுக் கறுப்பு, தடிமனாகவும் கூராகவும் இருக்கும். உடலுக்குப் பெரிதோ என்று தோன்றும். சேற்றுப் பரப்பில் வெகு தொலைவில் நின்றாலும் இந்தப் பறவை தன்னை அறிவித்துவிடும். ஆகவே இதைப் படமெடுப்பதற்கான நெறியும் மற்றப் பறவைகளுக்கானதிலிருந்து மாறுபட வேண்டும். அருகே போய் எடுத்த படத்தைவிட எட்ட நின்று எடுத்த படமே நண்டுதின்னியைப் பொறுத்தவரை சிறந்த அறிவியல் சான்று. இதைப் பறவையிடம் காட்டும் கருணையாக மட்டும் நான் சொல்லவில்லை. அந்தப் பறவையின் வாழ்க்கை முறை, அதன் இரையின் இயல்பு, ஒளியியலின் எளிய கணக்கு ஆகிய மூன்றும் இந்த முடிவுக்கே கொண்டுவந்து சேர்க்கின்றன.

இதைப் புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தை முன்வைத்துப் பேசக் காரணம் உண்டு. புதுக்கோட்டை என்றதும் குடைவரைகளும் சித்தன்னவாசலும் கண்மாய்களும்தான் நினைவுக்கு வரும், கடல் வராது. அதற்கு வரலாற்று நியாயமும் இருக்கிறது. பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1974-இல் தனி மாவட்டம் உருவானபோது தஞ்சாவூரிலிருந்து வந்த அறந்தாங்கிப் பகுதியோடுதான் கடலும் வந்து சேர்ந்தது. வடக்கே கட்டுமாவடி தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று தெற்கே இறங்கும் இந்தக் கரை சுமார் 42 கி.மீ. நீளமுடையது. எதிரே இருப்பது பாக் விரிகுடா. ஆழம் குறைந்த, அலை அடங்கிய கடல். அடியில் கடற்புல் வெளிகள். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்த கடற்பசுப் பாதுகாப்பகம், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கி.மீ. கடற்பரப்பை உள்ளடக்கியது. கடற்பசுவை முன்னிறுத்தி இந்தக் கடல் பேசப்படத் தொடங்கியது நல்ல செய்தி. ஆனால் கடல் வற்றும்போது வெளிப்படும் சேற்றுத் தளமும், அதில் வாழும் நண்டும் புழுவும், அவற்றைத் தேடி வரும் பறவையும் இன்னும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. கரையோரப் பறவைகளைப் பற்றிய நெடுங்கால ஆய்வு வடக்கே கோடியக்கரையிலும் தெற்கே மண்டபம், தனுஷ்கோடி, மன்னார் வளைகுடாத் தீவுகள் ஆகிய இடங்களிலும் வேரூன்றியது. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம்; 2002 முதல் ராம்சர் ஈரநிலம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. நண்டுதின்னிக்குத் தமிழகத்தில் நன்கு தெரிந்த இடங்கள் தனுஷ்கோடியும் அந்தத் தீவுகளும்தான். புதுக்கோட்டைக் கரை இந்த இரு முனைகளுக்கும் நடுவே கிடக்கிறது. பறவைப் பதிவுகள் பறவை இருக்கும் இடத்தைக் காட்டுவதைவிடப் பார்வையாளர் போகும் இடத்தையே அதிகம் காட்டும் என்பது எல்லா நாட்டுப் பறவை வரைபடங்களுக்கும் பொருந்தும் உண்மை. எனவே நடுவிலிருக்கும் கரையிலிருந்து வரும் ஒவ்வொரு ஒழுங்கான பதிவுக்கும், அங்கே நண்டுதின்னி இல்லை என்று காட்டும் பதிவு உட்பட, மதிப்பு கூடுதல்.

பறவையின் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிட வேண்டும். எதைப் படமெடுப்பது பயன் தரும் என்பது அதிலிருந்துதான் புலப்படும். இந்தியாவிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் குஸ்டாஃப் வான் பேகுல் 1805-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அதன் பிறகு இருநூறு ஆண்டுகள் இதை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்று அறிஞர்கள் குழம்பினார்கள். இன்று இது தன் குடும்பத்தின் ஒரே உறுப்பினர். 2010-இல் வெளியான மரபணு ஆய்வு இதன் நெருங்கிய உறவினர்கள் வறண்ட நிலத்து ஓடுபறவைகளும் ஆற்று மணலில் முட்டையிடும் ஆலாக்குருவிகளும்தான் என்று காட்டியது. ஆனால் அந்த உறவினர்கள் எவையும் செய்யாத ஒன்றை இது செய்கிறது. கரையோரப் பறவைகளின் பொது வழக்கம், திறந்த தரையில் சிறு குழிவில் புள்ளி போட்ட முட்டைகளை இடுவது. குஞ்சு பொரித்த சில மணி நேரத்தில் எழுந்து நடந்து தானே இரை தேடுவது. நண்டுதின்னியோ மணல்மேட்டில் ஒரு மீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு வளை தோண்டுகிறது. அதன் இருட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு வெள்ளை முட்டை. இனப்பெருக்கம் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை, செங்கடல், பாரசீக வளைகுடா, ஏடன் வளைகுடாப் பகுதித் தீவுகளில் நடக்கிறது. இலங்கையின் வடமேற்கு முனையிலும் அரிதாக நடப்பதாகப் பறவை நூல்கள் குறிக்கின்றன. எரித்திரியாவின் தீவுகளில் தே மார்க்கி என்பவரும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரை, வளைக்குள் வெப்பம் சுமார் 35 பாகையில் நிலைத்திருப்பதையும், வெயில் காய்ந்த மணலே முட்டைக்கு அடைகாப்பின் பெரும்பங்கைத் தருவதையும் காட்டியது. தாயும் தந்தையும் நெடுநேரம் முட்டையை விட்டு விலகி இரை தேட முடிவது அதனால்தான். குஞ்சு பொரித்த பின் வளைக்குள்ளேயே இருக்கும். பெற்றோர் நண்டு கொண்டுவந்து ஊட்டும். அதோடும் முடிவதில்லை. பறக்கத் தெரிந்து, கடல் தாண்டிக் குளிர்காலத்துக்கான கரைக்கு வந்த பிறகும் இளம் பறவை பெற்றோரைப் பின்தொடர்ந்து கெஞ்சி இரை வாங்குகிறது. கரையோரப் பறவைகளில் இவ்வளவு நீண்ட வளர்ப்புக் காலம் மிக அரிது.

இப்போது படத்துக்கு வருவோம். வளர்ந்த பறவையின் முதுகு கறுப்பு. அந்த ஆண்டு பிறந்த பறவையின் முதுகு வெளிர்சாம்பல். தலையில் மெல்லிய கோடுகளும் இருக்கும். வளர்ந்தவற்றையும் இளையவற்றையும் ஒரே பார்வையில் பிரிக்க இந்த நிற வேறுபாடு போதும். முட்டை ஒன்றே என்ற செய்தியை இதோடு சேர்த்துப் பாருங்கள். எல்லா இணைகளும் முட்டையிட்டு, எல்லா முட்டைகளும் பொரிந்து, எல்லாக் குஞ்சுகளும் பிழைத்தாலும் இரண்டு பெரியவற்றுக்கு ஓர் இளையதுதான் இருக்க முடியும். அதாவது, மொத்தப் பறவைகளில் இளையவை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. நவம்பரிலோ டிசம்பரிலோ ஒரு கூட்டத்தில் 60 பறவைகள் இருந்து அவற்றில் ஆறு மட்டும் சாம்பல் முதுகு என்றால், அந்த ஆண்டின் இனப்பெருக்கம் எப்படி இருந்தது என்பதற்கு அது ஒரு முதல் அறிகுறி. ஆறுக்குப் பதில் முப்பது என்றால், அது அமோகமான விளைச்சலைக் காட்டவில்லை. பிறப்புக் கணக்கில் அது பொருந்தவே பொருந்தாது. இளையவை பெரியவற்றிடமிருந்து விலகித் தனிக் கரையில் கூடியிருக்கின்றன என்றே பொருள். அப்படியானால் ஒரே இடத்துக் கணக்கை வைத்து ஏதும் சொல்லிவிடக் கூடாது, பல கரைகளின் கணக்கு வேண்டும் என்பதும் தெளிவாகிறது. இந்த அளவுக்குத் தகவல் தருவது கூட்டம் முழுவதும் அடங்கிய அகலமான படம். ஒற்றைப் பறவையின் கண்மணி வரை பளிச்சென்று தெரியும் நெருக்கப் படம் இவற்றில் ஒன்றையும் சொல்லாது. எத்தனை பறவைகள், எத்தனை இளையவை, எதன் பின்னால் எது கெஞ்சி நடக்கிறது, சேற்றில் நிற்கின்றனவா கடற்புல்லில் நிற்கின்றனவா, பக்கத்தில் வேறென்ன பறவைகள் என்பதெல்லாம் சட்டகம் விரிந்தால்தான் உள்ளே வரும்.

எட்ட நின்றால் படம் தெளியுமா என்பது அடுத்த கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 600 மி.மீ. லென்ஸ், படப்புள்ளி ஒன்றின் அளவு 4 மைக்ரான் உள்ள சாதாரணக் கேமரா. 150 மீட்டர் தொலைவில் நிற்கும் 40 செ.மீ. பறவை உணரியில் 1.6 மி.மீ. பிம்பமாக விழும். அது 400 புள்ளிகள். அலகு மட்டும் ஐம்பது அறுபது புள்ளிகள். 300 மி.மீ. லென்ஸாக இருந்தால் இவை பாதியாகும். அப்போதும் தடித்த அலகும் கறுப்பு முதுகும் தெரிந்துவிடும். அச்சிட்டுச் சுவரில் மாட்ட இது போதாது. இனத்தை உறுதிசெய்ய, வயதைப் பிரிக்க, எண்ணிக்கை எடுக்கத் தாராளமாகப் போதும். குழப்பம் தரக்கூடிய பறவைகளும் மிகக் குறைவு. கறுப்பு வெள்ளைக் கோணமூக்கு உள்ளானின் அலகு மெலிந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். நெடுங்கால் உள்ளானின் கால்கள் சிவப்பு, அலகு ஊசி போன்றது. சிப்பி பிடிப்பானின் அலகு ஆரஞ்சுச் சிவப்பு, தலையும் கழுத்தும் கறுப்பு. தொலைவில் மணல்திட்டில் அமர்ந்திருக்கும் ஆலாக்கள்தான் சற்று ஏமாற்றும். ஆனால் அவற்றின் குட்டைக் கால்கள் எழுந்து நின்றவுடன் காட்டிக்கொடுத்துவிடும். சிறிய உள்ளான்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றில் சிறகின் ஓரக்கோடு வரை பார்க்க வேண்டியிருக்கும். நண்டுதின்னியின் தனித்தன்மை படமெடுப்பவருக்குத் தரும் சலுகை அது: நெருங்க வேண்டிய தேவையையே நீக்கிவிடுகிறது.

தெளிவைக் கெடுப்பது பெரும்பாலும் தொலைவு அல்ல, ஒளியும் காற்றும்தான். புதுக்கோட்டைக் கரை கிழக்கும் தென்கிழக்கும் பார்த்தது. காலைச் சூரியன் கடலிலிருந்து எழும். கரையில் நின்று கடல்பக்கச் சேற்றைப் பார்ப்பவருக்குப் பறவை எதிரொளியில் நிற்கும். சாம்பல் முதுகும் கறுப்பு முதுகும் ஒரே நிழலுருவாகிவிடும். வயதைப் பிரிக்க வேண்டுமானால் இந்தக் கரையில் மாலைதான் உகந்த வேளை. அப்போது ஒளி நிலத்துப் பக்கமிருந்து, படமெடுப்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து விழும். பறவைப் படத்துக்கு விடியற்காலையே சிறந்தது என்ற பொது அறிவுரை மேற்குக் கரையில் பிறந்திருக்க வேண்டும். நண்பகலில் சூடேறிய சேற்றின் மேல் கானல் நெளியும். அப்போது 600 மி.மீ. லென்ஸும் உதவாது, அருகே போனால்தான் தெளியும் என்று தோன்றுவதும் அந்த வேளையில்தான். அருகே போவதற்குப் பதில் இரண்டு மணி நேரம் பொறுப்பதே சரியான விடை. இன்னொரு சிக்கல் வெள்ளை. கறுத்த சேற்றுப் பின்னணியைப் பார்த்துக் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும். பறவையின் வெள்ளைச் சிறகுகள் வெந்து வெறும் தாளாகிவிடும். வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்து எடுத்தால் வெள்ளையும் பிழைக்கும், முதுகின் சாம்பல் நிறமும் பிழைக்கும்.

வேளையைத் தீர்மானிப்பதில் ஓதத்துக்கும் பங்குண்டு. பாக் விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டாது. குஜராத் கடலோரத்தைப் போல மைல்கணக்கில் கடல் உள்வாங்கும் காட்சி இங்கே இல்லை. ஆனால் தரை அவ்வளவு சமதளமாக இருப்பதால் அரையடி நீர் இறங்கினாலும் பரந்த சேறு வெளிப்படும். இவ்வளவு சிறிய ஓதத்தில் காற்றின் கை ஓங்கிவிடும். கொண்டல் பலமாக வீசினால் நீர் கரைமேல் தள்ளப்பட்டு, அட்டவணைப்படி வற்ற வேண்டிய வேளையிலும் சேறு மூழ்கியே கிடக்கும். நிலக்காற்று வீசினால் எதிர்பார்த்ததைவிட அதிகம் வெளிப்படும். பறவைக்கு இதன் பொருள், இரை தேடும் நேரம் குறுகியது, முன்கூட்டி அறிய முடியாதது என்பது. நண்டுதின்னி இரவிலும் அந்தியிலும் இரை தேடக்கூடியதுதான். அதன் பெரிய கண்கள் அதற்குத் தோதானவை. ஆயினும் கிடைக்கும் பகல் நேரத்தில் அரைமணியை இழப்பது அற்பமான இழப்பல்ல. இளம்பறவைக்கும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய பெரிய பறவைக்கு இழப்பு இரட்டிப்பு.

இங்கே நண்டின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். படமெடுப்பவர்கள் பெரும்பாலும் மறக்கும் பக்கம் அது. சேற்றில் வளை வைத்து வாழும் நண்டு மனிதக் காலடியின் அதிர்வையும் மேலே நகரும் உருவத்தையும் உணர்ந்ததும் வளைக்குள் பாய்ந்துவிடும். ஆபத்து போய்விட்டதா என்று பார்த்து மெல்ல வெளியே வரச் சில நிமிடங்கள் ஆகும். சேற்றின் குறுக்கே ஒருவர் நடந்தால் அவர் போன வழியெங்கும் பறவையின் சந்தை மூடப்படுகிறது. பறவை பறக்காமல் அதே இடத்தில் நின்றாலும் அதன் இரை மறைந்துவிட்டது. அந்த நேரத்தில் எடுத்த படத்தில் இருப்பது இரை தேடும் நண்டுதின்னி அல்ல; தலையைத் தூக்கி மனிதரைக் கண்காணிக்கும் நண்டுதின்னி. நடத்தையைப் பதிவுசெய்யப் போய் நடத்தையையே மாற்றிவிட்ட படம் அது. அருகில் எடுத்த எத்தனையோ அழகான படங்களில் பறவை கழுத்தை நீட்டி நேராக லென்ஸைப் பார்ப்பதைக் கவனித்தால் இது விளங்கும்.

“என்னை நெருங்கவிட்டதே, பயமிருந்தால் பறந்திருக்குமே” என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்த்தபோது முடிவு நேர்மாறாக வந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் காலின் பீல், பாட் மொனகன் இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் கல்திருப்பி உள்ளான்களை எடுத்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் நம் பாக் விரிகுடாவுக்கும் வரும் பறவைதான் அது. கரையின் சில பகுதிகளில் கூடுதல் இரை வைத்தார்கள், சில பகுதிகளில் வைக்கவில்லை. பிறகு மனிதர் நெருங்கும்போது எந்தப் பறவைகள் எவ்வளவு தொலைவிலேயே பறக்கின்றன என்று அளந்தார்கள். வயிறு நிறைந்த பறவைகள் முன்னதாகவே பறந்தன. கூடுதல் இரை கிடைக்காதவை மனிதர் நெருங்கும் வரை விடாமல் தேடிக்கொண்டிருந்தன. பறந்து போகும் செலவைத் தாங்கக்கூடியது பறக்கிறது. தாங்க முடியாதது ஆபத்தைப் பொறுத்துக்கொண்டு நிற்கிறது. ஆகவே நெருங்கவிட்ட பறவை நம்மை ஏற்றுக்கொண்ட பறவை என்று எண்ணுவதற்கு ஆதாரமில்லை. அது பசித்த பறவையாக, களைத்து வந்திறங்கிய பறவையாக, போக வேறிடம் இல்லாத பறவையாக இருக்கலாம். எது பறக்காமல் நிற்கிறதோ அதையே தேடி நெருங்கினால், நலிந்ததைத் தேர்ந்தெடுத்துத் தொல்லை கொடுப்பதாக முடியும். ஓர் இனத்தின் முடிவை இன்னொன்றுக்கு அப்படியே ஏற்றிவிட முடியாது என்பது உண்மை. ஆனால் ‘பறக்கவில்லை, எனவே பாதிப்பில்லை’ என்ற வாதத்தை உடைக்க இந்த ஒரு சோதனையே போதும்.

இன்னொரு மறுப்பு இன்னும் கூர்மையானது. மணமேல்குடியிலும் கோட்டைப்பட்டினத்திலும் மீனவர்கள் தினமும் அதே சேற்றில் நடக்கிறார்கள், வலை இழுக்கிறார்கள், நண்டு வலையைக் கரையில் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். பறவை அவர்களோடு வாழ்கிறது. ஓய்வுநாளில் கேமராவோடு வரும் ஒருவரால் என்ன கெட்டுவிடும்? பறவையின் கண்ணில் இந்த இருவரும் ஒன்றல்ல. மீனவர் தன் வேலையைப் பார்த்து ஒரே சீரில் நடந்து போகிறார். அவர் பாதை பறவையை நோக்கியதல்ல. நாள்தோறும் அதே நேரம், அதே வழி. பறவை அதைக் கற்றுக்கொள்கிறது. படமெடுப்பவரோ பறவையை நேராக நோக்கி வருகிறார், நிற்கிறார், குனிகிறார், மறுபடி பதுங்கி முன்னேறுகிறார். பறவையை நேராக நோக்கி வரும் மனிதர், பக்கவாட்டில் கடந்து போகிறவரைவிடக் கூடுதல் அச்சத்தை எழுப்புகிறார் என்பதைப் பறவை நடத்தை ஆய்வுகள் பல இனங்களில் கண்டிருக்கின்றன. வேட்டையாடும் விலங்கு எப்படி வரும் என்று யோசித்தால் காரணம் புரியும். மீனவரின் வாழ்வுத் தேவையையும் நம் ஆர்வத்தையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியல்ல. அவர் அங்கே இருந்தாக வேண்டும். நாம் ஐம்பது மீட்டர் பின்னால் நிற்கலாம்.

நெருக்கப் படங்கள்தான் மக்களின் மனத்தைத் தொடுகின்றன, எட்டப் படத்தைப் பார்த்து யாருக்குப் பறவைமேல் அன்பு பிறக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் பாதி இணங்குகிறேன். ஒரு பறவையின் கண்ணைப் பார்த்த குழந்தை அதை மறக்காது. ஆனால் நெருக்கம் யாருடைய முடிவால் நேர்ந்தது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. நீர் ஏறத் தொடங்கும் முன்பே கரையின் ஒரு மேட்டில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால், ஏறும் நீர் பறவைகளை மெல்ல மெல்லக் கரைப்பக்கம் ஒதுக்கும். அவை தாமாக இரை தேடிக்கொண்டே நெருங்கி வரும். அப்போது கிடைக்கும் நெருக்கப் படத்தில் குறையொன்றும் இல்லை. அதில் ஒரு பொறி மட்டும் உண்டு. நீர் முழுதும் ஏறியதும் பறவைகள் எஞ்சியிருக்கும் மணல்திட்டில் நெருக்கியடித்து ஓய்வெடுக்கும். அந்த நேரம் எழுந்து நடந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். அவற்றுக்கு அப்போது போக வேறு திட்டு இல்லை. எனவே அப்படி உட்கார்ந்தவர் நீர் வற்றும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர் தொடங்காமலிருப்பது நல்லது. பறக்கும் காட்சிக்காகக் கல்லெறிவது, வண்டியைச் சேற்று விளிம்பில் ஓட்டுவது, கூட்டத்தின் மேல் டிரோன் விடுவது ஆகியவற்றைப் பற்றி வாதிட எதுவுமில்லை. அவை கூடாது.

எட்டப் படம் எல்லாவற்றுக்கும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய கொடி வளையம் இருந்தால் அதன் எழுத்துகளைப் படிக்க வேண்டும். ஐந்து மி.மீ. உயரமுள்ள எழுத்து, மேலே சொன்ன அதே லென்ஸில், 150 மீட்டரில் ஐந்து புள்ளிகள்தான். படிக்க முடியாது. இதற்குத் தீர்வு தொலைநோக்கியின் கண்ணாடியில் கைபேசியைப் பொருத்தி எடுப்பது. அதன் பெருக்கம் மேலே சொன்ன கேமரா லென்ஸை மிஞ்சும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருவதால், பாக் விரிகுடாவில் எந்தப் பறவையின் காலிலும் வளையத்தைத் தேடுவது வீண் வேலையல்ல. எழுத்து தெரியாவிட்டாலும் எந்தக் காலில் என்ன நிறம் என்பதே வளையமிட்ட நாட்டைக் குறுக்கிக் காட்டும்.

படம் சான்றாக வேண்டுமானால் அதனோடு இருக்க வேண்டியவை சில. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தில் பாடம்செய்த உயிரினங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. அத்தகைய மாதிரிகளுக்கு மதிப்புத் தருவது அவற்றோடு கட்டிய சீட்டு: எந்த ஊர், எந்த நாள். சீட்டு அறுந்த மாதிரி வெறும் காட்சிப்பொருள். ஒரு காலத்தில் துப்பாக்கி செய்த வேலையை இன்று கேமரா செய்கிறது, பறவை உயிரோடிருக்கிறது, சீட்டின் தேவை மட்டும் மாறவில்லை. கேமராவின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். இடத்தை ‘மீமிசல் அருகே’ என்று பொதுவாகச் சொல்லாமல் கைபேசி காட்டும் ஆயத்தொலைவோடு குறிக்க வேண்டும். கூட்டத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுத்தடுத்து எடுத்தால் வீட்டில் உட்கார்ந்து எண்ணலாம். 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில், பார்த்த எல்லாப் பறவைகளின் முழுப் பட்டியலோடு அதைச் சேர்த்தால், நண்டுதின்னி இல்லாத நாளும் தகவலாகும். தற்செயலாகப் போய் எடுத்த பதிவுகளில் சாய்வு இருக்கும், அரிய பறவை கண்ட நாளை மட்டும்தான் எல்லாரும் பதிவார்கள் என்ற குறைபாட்டை ஓரளவு நீக்குவது இந்த முழுப் பட்டியல்தான். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இலிருந்து தொடர்கிறது. அதே மாதத்தில், அதே இடத்திலிருந்து, அதே அளவு நேரம் எடுத்த படங்கள் ஐந்தாறு ஆண்டு சேர்ந்தால் அவற்றை ஒப்பிட முடியும்.

உலகில் 60,000 முதல் 80,000 நண்டுதின்னிகள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அழியும் அபாயப் பட்டியலில் இது இல்லை. அப்படியிருக்க ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்கலாம். எண்ணிக்கை மட்டும் பாதுகாப்பைச் சொல்லாது. இந்த இனம் முழுவதும் முட்டையிட நம்பியிருப்பது வெப்பக் கடல்களில் சிதறிய சில தீவுகளின் மணல்மேடுகளை. அங்கே பூனையோ எலியோ குடியேறினால் வளைகளுக்குள் இருக்கும் முட்டைக்கும் குஞ்சுக்கும் தப்ப வழியில்லை. ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் பறவை இழப்பை வேகமாக ஈடுகட்டவும் முடியாது. பெரியவை நெடுநாள் வாழ்வதால் மொத்த எண்ணிக்கை பல ஆண்டுகள் குறையாமலே தோன்றும், இளையவை வராமல் நின்ற பிறகும். சரிவை முன்கூட்டிக் காட்டக்கூடியது சாம்பல் முதுகுகளின் விகிதம். அதை எடுக்க உகந்த இடங்கள் குளிர்காலக் கரைகள். எரித்திரியாவின் தீவுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதை மீமிசலில் நின்று ஓரளவு அறியலாம் என்பது சிறிய விஷயமல்ல.

கடைசியாக, கோடைமாதங்கள். இனப்பெருக்க வயதை எட்டாத பறவைகள் சில கோடையிலும் நம் கரைகளிலேயே தங்கிவிடும். எனவே மே மாதத்தில் நண்டுதின்னியைப் பார்த்ததும் கூடு இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் மே முதல் ஜூலைக்குள், கறுப்பு முதுகுள்ள பறவை அலகில் நண்டோடு மணல்மேட்டை நோக்கி மீண்டும் மீண்டும் பறப்பதும், அங்கே இறங்கி மறைவதும் தெரிந்தால், அது வேறு தரத்துச் செய்தி. இலங்கையின் வடமேற்கு முனை கடல்வழியே தொலைவில் இல்லை. பாக் விரிகுடாவின் இந்தியப் பக்கத்துத் திட்டுகளைக் கோடையில் கவனிப்பதற்கு அதுவே போதிய காரணம். அப்படி ஒன்றைக் கண்டவர் இருநூறு மீட்டருக்கு அப்பாலிருந்து, முடிந்தால் படகிலிருந்தபடியே, நண்டோடு பறக்கும் பறவையையும் மேட்டின் அமைப்பையும் ஒரே சட்டகத்தில் எடுக்க வேண்டும். மேட்டின்மேல் கால் வைக்கக் கூடாது. மணலுக்குள் ஓடும் வளை ஒரு மனிதரின் எடையில் இடிந்துவிடும். படத்தை முதலில் வனத்துறையிடமும் பறவை ஆய்வாளர்களிடமும் தர வேண்டும். இடத்தின் பெயரை அந்தப் பருவம் முடியும் வரை வேறு எங்கும் வெளியிடக் கூடாது.